கண்மாய்க்குள் ஓடிய பால்காரர் வண்டி

அந்த வண்டி எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு மாதம் வரைக்கும் அதன்மேல் புளித்த பால் வாடை அடித்துக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் பால் கேனைத் தொங்கவிட்டுக்கொண்டு மேலூருக்கும் மதுரைக்குமாகப் பல வருஷம் ஓடிய ஒற்றை சிலிண்டர் மோட்டார் சைக்கிள். ஓட்டியவர் மூட்டுவலி வந்து படுத்ததும் அவர் மகன் அதை எடைக்குப் போடப் பார்த்தான். சித்தப்பா எடைக்கடைக்காரரை முந்திக்கொண்டார். சிம்மக்கல்லில் நாங்கள் குடியிருந்த சந்துக்குள் அதைத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தியபோது, சித்தி வாசலில் நின்று மூக்கைச் சுளித்தாள்.

"இதுக்குப் பெட்ரோல் ஊத்தணுமா, வைக்கோல் வைக்கணுமா?"

எனக்கு அப்போது பதினொரு வயது. தொண்ணூறுகளின் கடைசி. அப்பா கல்குவாரியில் கல் சரிந்து செத்துப்போயிருந்தார். அம்மா திருப்பூரில் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போய்விட்டாள். விடுதியில் பிள்ளைகளை வைத்துக்கொள்ள விடமாட்டார்கள் என்று என்னைச் சித்தப்பா வீட்டில் விட்டிருந்தாள். ஆறாம் வகுப்பு பாதியில் நின்றுபோனது. யாரும் வேண்டுமென்று நிறுத்தவில்லை. பழைய பள்ளிக்கூடத்தில் போய் டி.சி. வாங்கிவர ஒரு நாள் கூலியை விட வேண்டும், அதற்கு ஆள் இல்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்த வீட்டில் இருந்ததுபோல் வயிறும் மனசும் நிறைந்து நான் வேறெங்கும் அதிக நாள் இருந்ததில்லை.

சித்தப்பாவுக்கு லேத் பட்டறையில் வேலை. பகலில் ஊரார் வண்டிகளுக்கு உருப்படி கடைந்துவிட்டு, சாயங்காலம் வந்ததும் கைகால்கூடக் கழுவாமல் வண்டியின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்துவிடுவார். முதலில் கழற்றக்கூடியதையெல்லாம் கழற்றினார். கேரியர், மட்கார்டு, ஹாரன், செயின் கவர், லைட். சித்தி ஒன்றையும் வீணாக்கவில்லை. ஹெட்லைட் கிண்ணத்தில் மண்ணைப் போட்டுத் துளசி வைத்தாள். கழற்ற முடியாத பாகங்களில் எடை குறைய வேண்டுமென்று சித்தப்பா ஓட்டை போட்டார். வீட்டுக்காரர் நூலுக்குச் சாயம் போடுகிற சௌராஷ்டிரக்காரர். கோபம் வந்தால் முதலில் தன் மனைவியிடம் அவர்கள் பாஷையில் திட்டிவிட்டு, பிறகு எங்களிடம் தமிழில் திட்டுவார். அவர் ஒருநாள் வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதுல மாவு சலிக்கலாம் போலயே தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனார். திட்ட வந்ததை மறந்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

மண்ணில் ஓடுகிற வண்டிக்கு டயரில் பல் வேண்டுமாம். அந்த மாதிரி டயர் வாங்க வழியில்லை. சித்தப்பா சித்தியின் காய்கறிக் கத்தியை அடுப்பில் காய்ச்சி, இருந்த டயரையே கட்டை கட்டையாக வெட்டினார். ஒரு வாரத்துக்குக் கத்திரிக்காய்க் குழம்பில் ரப்பர் வாடை வந்தது. சிலிண்டருக்குள் புகை வெளியேறுகிற வாசலை அரத்தால் ராவி அகலப்படுத்தினார். முன் சக்கரத்து ஃபோர்க்கை உயர்த்தினார். தகரத்தை வெட்டிச் சுருட்டிப் பற்றவைத்து, இரண்டு முனையும் ஒடுங்கி நடுவில் உப்பிய ஒரு சைலன்சர் செய்தார். சித்தி அப்போது மாசமாக இருந்தாள். சைலன்சரைப் பார்த்து, "எங்க ரெண்டு பேருக்கும் ஒரே மாசம்" என்றாள்.

காற்று போகிற பழைய டப்பாவைத் தூக்கி எறிந்துவிட்டு, சுற்றிலும் ஓட்டை போட்ட ஒரு பால்மாவு டின்னை ரப்பர் குழாயில் மாட்டி, உள்ளே ஸ்பாஞ்சு வைத்தார். இஞ்சினுக்கு இதுதான் மூக்கு என்று எங்களுக்கு விளக்கினார். பிளக்கைக் கழற்றிக் காட்டி, காப்பித்தூள் நிறத்தில் இருந்தால் காற்றும் பெட்ரோலும் சரியாகப் போகிறது, கரியாக இருந்தால் காற்று போதவில்லை என்றார். நான் வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன். சித்தி வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள்.

இத்தனைக்கும் காரணம் ஒரு ரேஸ். கோடையில் பேரையூர்ப் பக்கம் வறண்ட கண்மாய்க்குள் மண் ரேஸ் நடத்தக் கோயம்புத்தூரிலிருந்து வருகிறார்கள், பழைய வண்டிகளுக்கென்று தனி ஓட்டம் உண்டு என்று ஒரு தொப்பிக்காரர் பட்டறைக்கு வந்து சொல்லியிருந்தார். அதில் முதலாவதாக வருகிறவரைக் கோயம்புத்தூருக்குக் கூட்டிப்போய் ரூம் கொடுத்து, வருஷம் முழுக்க ஊர் ஊராக ஓட்ட வைப்பார்களாம். சித்தப்பா முன்பு இரண்டு ரேஸில் ஓட்டி இரண்டிலும் பாதியில் நின்றவர். முதல் தடவை அறுந்தது செயின், இரண்டாம் தடவை உடைந்தது தோள் எலும்பு. இருபது வயதிலிருந்து அவர் ஆசைப்பட்ட ஒரே விஷயம் அந்த ரூம்தான். எனக்கும் அதே ஆசை. ஒரு ஆள் தங்குகிற ரூம் என்று அவர் சொன்னது என் காதில் ஏறவில்லை. மூன்று பேரும் ரயிலில் போகிறோம் என்று முடிவு செய்து, ஜன்னலோரம் யாருக்கு என்பதுவரை யோசித்து வைத்திருந்தேன்.

சித்தி போகாதே என்று ஒருநாளும் சொல்லவில்லை.

"ஜெயிச்சா எப்பக் கெளம்பணும்?" என்று மட்டும் ஒருநாள் கேட்டாள்.

"ஒடனே."

"பிள்ளை பொறக்குறதுக்கு முன்னாடியேவா?"

"ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா வருவேன்ல."

சித்தி சரி என்று தலையாட்டிவிட்டு உலையில் அரிசியைப் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வைகைக்குள் வண்டியை இறக்கி ஓட்டிப் பார்ப்போம். ஆற்றில் மணலும் சலவைக்காரர்களின் கழுதைகளும்தான் இருக்கும். என்னை முன்னால் டேங்கின்மேல் உட்காரவைத்து, "பல்லைக் கடிச்சுக்கத்தா, நாக்கை வெளிய நீட்டுன, இங்கயே விட்டுட்டுப் போயிருவோம்" என்பார். வண்டி மணலைப் பின்னால் வாரி இறைத்துக்கொண்டு பறக்கும். பாலத்தின்மேல் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். கரைக்குத் திரும்பி வந்து பிளக்கைக் கழற்றினால் காப்பித்தூள் நிறம். சித்தப்பா அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வீடு வரைக்கும் பார்த்துக்கொண்டே நடப்பார்.

ரேஸுக்கு இரண்டு வாரம் இருந்தபோது, ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் சித்தி ஒரு வெள்ளைத் துணியை மஞ்சளில் நனைத்துக் காயவைத்தாள். அதன் ஓரத்தில் ஒரு ரூபாய்க் காசை முடிந்தாள். சித்தப்பா பட்டறைக்குப் போயிருந்தார். வண்டியின் பால்மாவு டின்னைத் திருகித் திறந்து, ஸ்பாஞ்சை விலக்கி, துணியை நாலாக மடித்து ரப்பர் குழாயின் வாயில் வைத்து நூலால் கட்டினாள். நேர்த்திக்கடன் என்றாள். சித்தப்பா விழாமல் திரும்பி வரவேண்டுமென்று அவள் ஊர்ச் சாமிக்கு நேர்ந்துகொண்டாளாம்.

"ஹேண்டில்லதான கட்டுவாங்க?" என்றேன்.

"அங்க கட்டுனாப் பறந்துரும். வெளிய தெரிஞ்சா நேர்த்தி பலிக்காது. சித்தப்பாட்ட மூச்சு விட்ட, மூணு நாளைக்குச் சோறு கெடையாது."

நான் மூச்சு விடவில்லை. அடுத்த ஞாயிறு வைகைக்குள் வண்டிதான் மூச்சு விட முடியாமல் திணறியது. மெதுவாகப் போனால் ஒன்றுமில்லை. முறுக்கினால் கம்மியது, கருப்பாகப் புகை கக்கியது. பிளக்கு அடுப்புக்கரி மாதிரி இருந்தது. சித்தப்பா பிளக்கை மாற்றினார், காயிலை மாற்றினார், பெட்ரோலைக் கொட்டிவிட்டு வேறு ஊற்றினார். பால்காரர் காலத்துப் பாகம் ஒவ்வொன்றையும் சந்தேகப்பட்டுப் பிரித்துப் பார்த்தார். தன் கையால் புதிதாகச் செய்த டின்னை மட்டும் அவர் சந்தேகப்படவில்லை. யார்தான் படுவார்கள். கடைசியில் பெட்ரோலை அளந்து விடுகிற பித்தளை ஜெட்டைக் கழற்றிவிட்டு, அதைவிடச் சின்னத் துளை போட்ட ஒன்றை மாட்டினார். கம்மல் நின்றது. பழைய பாய்ச்சல் வரவில்லை.

"ஓடுது. பறக்க மாட்டேங்குது" என்று சித்தியிடம் சொன்னார்.

"ஓடுறதுக்குத்தான வண்டி" என்றாள் சித்தி.

ரேஸ் அன்று மினி லாரியில் வண்டியை ஏற்றிக்கொண்டு மூன்று பேரும் போனோம். பேரையூர்ப் பக்கம் சித்தியின் பிறந்த ஊர் என்பதால், வயிற்றைத் தூக்கிக்கொண்டு அவளும் வந்தாள். கண்மாய் வெடித்துக் கிடந்தது. சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டு, மூலைக்கு மூலை கொடி நட்டிருந்தார்கள். கரை முழுக்கச் சனம். சித்தி தூக்குவாளியோடு தூரத்தில் ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொண்டாள். எங்கள் ஓட்டத்துக்கு முன்னால் வேறு வண்டிகள் ஓடிக் கிளப்பிய புழுதியைப் பார்த்துவிட்டு, ஸ்பாஞ்சில் கொஞ்சம் எண்ணெய் தடவிவிடலாம் என்று சித்தப்பா பால்மாவு டின்னைத் திறந்தார்.

துணியைப் பார்த்தார். நூலை அறுத்து அதை வெளியே எடுத்தார். விரித்தார். காசு முடிச்சைப் பெருவிரலால் தடவிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"சித்தியா?"

"நேர்த்திக்கடன். நீங்க விழுகக் கூடாதுன்னு."

அவர் சட்டைப்பையில் ஒரு தீப்பெட்டி இருந்தது. அதைத் திறந்து பழைய பெரிய ஜெட்டை எடுத்து உள்ளங்கையில் வைத்தார். மாற்றுவதற்கு ஐந்து நிமிஷம் போதும். ஓட்டத்துக்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது. துணியைத் தூர எறிந்து, அந்த ஜெட்டை மாட்டினால் வைகையில் பறந்த வண்டி திரும்ப வந்துவிடும் என்று எனக்கே தெரிந்தது. அவர் வேப்பமரத்தைப் பார்த்தார். சித்தி எங்களைப் பார்க்கவில்லை. முந்தானையால் விசிறிக்கொண்டு, ஒன்றுமே நடக்காத வேறு ஒரு பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தெரிந்தவர்கள் யாரோ வந்து பேச்சுக் கொடுத்தார்கள், அப்போதும் இந்தப் பக்கம் திரும்பவில்லை.

சித்தப்பா ஜெட்டைத் தீப்பெட்டிக்குள் போட்டார். துணியை இருந்த மடிப்பிலேயே நாலாக மடித்து, குழாயின் வாயில் வைத்து, வேறு நூல் எடுத்துக் கட்டினார்.

"சாமி காரியம்த்தா. நாம பிரிக்கக் கூடாது" என்றார். "நான் பாத்தேன்னு சித்திட்டச் சொல்லாத."

கோயிலுக்குக் கூப்பிட்டால் வெளியே நின்று செருப்பைப் பார்த்துக்கொள்கிற ஆள் அவர். எனக்கு அப்போது அது தோன்றவில்லை.

பதினொரு வண்டிகள், ஆறு சுற்று. திருப்பங்களில் சித்தப்பாவை ஒருவரும் நெருங்க முடியவில்லை. வண்டியை ஒரு பக்கமாகச் சாய்த்து, காலைத் தரையில் உரசி, புழுதிக்குள் மறைந்து முதல் ஆளாக வெளியே வருவார். நேர்ப்பாதை வந்ததும் இரண்டு பேர் அவரைத் தாண்டிப் போவார்கள். நான் தொண்டை கிழியக் கத்தினேன். நாலு பேர் வண்டியோடு விழுந்து எழுந்தார்கள், ஒரு வண்டி இஞ்சின் இறுகி நின்றது. சித்தப்பா விழவில்லை. மூன்றாவதாக வந்தார். கோட்டைத் தாண்டியதும்தான் சித்தி எழுந்து நின்றாள்.

தொப்பிக்காரர் வந்து கைகொடுத்தார். "வண்டியை நல்லாக் கட்டியிருக்கீங்க தம்பி. கடைசி வேகம் ஒண்ணுதான் இல்ல" என்றார்.

"பால்கார வண்டிண்ணே. வீட்டுக்கு வீடு நின்னு பழகிருச்சு" என்றார் சித்தப்பா. முகம் முழுக்கச் செம்மண், பல் மட்டும் தெரிந்தது.

சித்தி தூக்குவாளியைத் திறந்தாள். "சோறு ஆறிப்போச்சு" என்றாள். அந்தப் புளிச்சோற்றை நான் அழுதுகொண்டே தின்றேன். நிறையத் தின்றேன்.

அதற்குப் பிறகு தம்பி பிறந்தான். சித்தப்பா அதே சந்தில் மற்றவர்களுக்கு ரேஸ் வண்டி கட்டிக் கொடுக்க ஆரம்பித்தார். கோயம்புத்தூரிலிருந்துகூட வந்தார்கள். நான் திருப்பூர், ஓசூர், சூரத் என்று வேலைக்குப் பின்னால் சுற்றினேன். ஒரு வருஷம் பேரையூர்ப் பக்கமே ஒரு தோட்டத்தில் மிளகாய் பறித்தேன். ஒருநாள் அங்கே கிணற்று டீசல் மோட்டார் கட்டுக்கு அடங்காமல் வேகமெடுத்து அதிர ஆரம்பித்தது. ஆண்கள் விலகி ஓடினார்கள். எங்களோடு பறித்துக்கொண்டிருந்த ஒரு பெண் ஈரச் சாக்கை எடுத்துப்போய் அதன் காற்று வாயில் திணித்தாள். இரண்டு விக்கு விக்கி மோட்டார் அடங்கியது. நான் அவளையே பார்த்தேன்.

"இதென்ன அதிசயம். இந்தப் பக்கம் பம்புசெட்டு இருக்குற வீட்டுப் பொண்ணுக அம்புட்டுப் பேருக்கும் தெரியும்" என்றாள்.

சித்தி பிறந்த வீட்டில் இரண்டு பம்புசெட்டு.

ரேஸ் முடிந்த அன்றைக்கு மினி லாரியின் பின்பக்கம் வண்டியைச் சாய்த்துக் கட்டிவிட்டு, அதைச் சுற்றி மூன்று பேரும் உட்கார்ந்து திரும்பி வந்தோம். வெயில் இறங்கியிருந்தது. ரயில் போயிற்று, ஜன்னலோரம் போயிற்று என்று நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். சித்தி சேலைத் தலைப்பை நனைத்து, சித்தப்பாவின் காதுக்குள் போன மண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"கோயம்புத்தூர்த் தண்ணி தேங்காத் தண்ணி மாதிரி இருக்குமாம்ல" என்றாள்.

"ஏன், வைகைத் தண்ணிக்கு என்ன கொறச்சல்?" என்றார்.

வைகையில் தண்ணீர் ஓடி எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. சித்திதான் முதலில் சிரித்தாள், பிறகு அவரும். லாரி குலுங்கக் குலுங்க, நிறுத்த முடியாமல் சிரித்தார்கள். தோற்றுப்போன ஆளும் அவர் பெண்டாட்டியும் இம்புட்டுச் சிரிக்க இதில் என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. எரிச்சலில் அவர்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்து, பின்னால் போய்க்கொண்டிருந்த ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தேன்.