இஸுவில் நமக்கு யார் இருக்கிறார்கள்?

காற்று மெத்தைக்குக் காற்றூதும் சின்ன மோட்டார் ஒன்று உண்டு. அதன் அலறலை எங்கே கேட்டாலும் எனக்கு விடுமுறை ஞாபகம் வந்துவிடும். போன வாரம் பக்கத்து வீட்டில் கேட்டது. ஜன்னலைச் சாத்தினேன், சாத்திய பிறகும் கேட்டது. மற்றவர்களுக்கு விடுமுறை என்றால் அலை ஓசை, அருவி ஓசை. எங்களுக்கு இதுதான். தெரிந்தவர் வீட்டில் போய் இறங்கிய முதல் நாள், சாப்பாடு முடிந்து பாத்திரமெல்லாம் ஒதுக்கிய பிறகு, வீட்டுக்காரர் சுவிட்சைத் தட்டிவிட்டு, "ரெண்டே நிமிஷம், ஊதிடும்" என்பார். ரப்பர் வாசனையோடு மெத்தை உயிர் பெற்று எழும். விடியும்போது எங்களையும் சேர்த்துக்கொண்டு தரையோடு தரையாகக் கிடக்கும்.

கலிஃபோர்னியாவில், சான் ரமோனில் இருபத்திரண்டு வருடமாக இருக்கிறோம். இத்தனை வருடத்தில் ஒரு ஊரையும் நாங்கள் வரைபடத்தில் தேடியதில்லை. ஃபோனில் சேமித்த பெயர்களில்தான் தேடினோம். நியூ ஜெர்சி என்றால் ஐசலினில் என் மனைவியின் அண்ணன் வீடு. டெக்ஸாஸ் என்றால் ஆலனில் என் கல்லூரி நண்பன் வீடு. கிராண்ட் கேன்யனை நாங்கள் பார்த்ததில்லை. அத்தனை பெரிய பள்ளத்தில் ஒரு தமிழ்க் குடும்பம்கூடக் குடியிருக்கவில்லை என்பது எங்கள் தரப்பு நியாயம்.

அண்ணன் வீட்டு மிக்ஸி ஜாரின் மூடி எந்த அலமாரியில் என்று என் மனைவிக்குத் தெரியும். ஆலனில் தோசைக்கல்லை எந்தக் கரண்டியால் தொடக்கூடாது என்றும் தெரியும். விருந்துக்குப் போன வீட்டில் பெண்களை, "நீங்க உக்காருங்கக்கா, நான் பாத்துக்கறேன்" என்று மூன்று தடவை சொல்லி உட்கார வைப்பார்கள். நான்காவது தடவை பீன்ஸும் கத்தியும் அவர்களைத் தேடி வரும். "நான் அமெரிக்காவப் பாத்ததே அடுப்படி ஜன்னல் வழியாத்தான்" என்று அவள் ஒருமுறை சொன்னாள். நான் சிரித்தேன். நல்ல வாக்கியம் கிடைத்தால் வலியை விட்டுவிட்டு வாக்கியத்தை மட்டும் எடுத்து வைத்துக்கொள்வது என் பழைய வியாதி.

மகள் கல்லூரிக்குப் போன பிறகு வந்த முதல் ஜனவரி. ஒரு சனிக்கிழமை காலை, ஏதோ பில் வந்த உறையின் முதுகில் என் மனைவி எழுதிக்கொண்டிருந்தாள்.

"மூணு நாள்," என்றாள். "இஸு. டோக்கியோல எறங்கி ரயில்ல ரெண்டு மணி நேரம்."

ஃபோனை என் பக்கம் திருப்பினாள். எரிமலை என்றோ கக்கிய கறுப்புப் பாறைகள் கடலுக்குள் இறங்கி நின்றன. அலை அவற்றை இன்னும் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தது. பாறைகளுக்கு நடுவே கயிற்றில் தொங்கும் பாலம். கரையை ஒட்டி ஓடும் ரயிலில், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கடலைப் பார்க்கும்படி போட்ட இருக்கைகள்.

"அழகா இருக்கே," என்றேன். பிறகு நாக்கு பழக்கத்தில் கேட்டுவிட்டது. "அங்க நமக்கு யாரு இருக்கா?"

"யாரும் இல்ல."

ஹோட்டலில் நீச்சல் குளம் இருக்கிறது, காலைச் சாப்பாடு இலவசம் என்று சொல்வார்களே, அந்தக் குரலில் சொன்னாள்.

"நம்ம பேரே தெரியாத எடத்துல மூணு நாள் இருக்கணுங்க. பொண்ணு எந்த காலேஜ், அம்மாவுக்கு சுகர் எப்படின்னு யாருக்கும் பதில் சொல்லாம. ஒரு வெங்காயம் உரிக்காம."

உறையின் முதுகில் மூன்று வரிகள்தான் இருந்தன. ரயில். விடுதி. பாறை. பாறைக்கு எதிரே, 'உட்கார' என்று எழுதியிருந்தாள். அதைவிடச் சிறந்த பயணத் திட்டத்தை நான் இன்றுவரை பார்த்ததில்லை. அதை அப்படியே விட்டிருக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் சைவம். ஜப்பானில் கொதிக்கிற எல்லாத் தண்ணீரிலும் ஒரு மீன் நீந்திப் போயிருக்கும் என்று கேள்விப்பட்டிருந்தேன். உதவுகிறேன் பேர்வழி என்று கல்லூரி வாட்ஸாப் குழுவில் ஒரு வரி போட்டேன். 'இஸு பக்கம் சைவச் சாப்பாடு கிடைக்குமா? யாருக்காவது தெரியுமா?'

சாப்பாட்டைப் பற்றி ஒருவரும் பதில் சொல்லவில்லை. அஞ்சு நிமிடத்தில் ஆலன் நண்பன் கூப்பிட்டான்.

"டேய், ஜப்பானா? சொல்லவே இல்ல பாத்தியா!"

"இல்லடா, சும்மா யோசிச்சிட்டு..."

"யோசிக்காத. நாங்களும் வர்றோம். பசங்களுக்கு மார்ச்ல ஸ்ப்ரிங் பிரேக் லீவு வருது. என் சகலையோட தம்பி டோக்கியோலதான் இருக்கான். தங்கமான பையன். நம்பர் குடுத்துட்டேன், அவனே கூப்பிடுவான்."

"வாங்க வாங்க," என்றேன். அந்த இரட்டைச் சொல்லை ஒற்றையாகக் குறைக்கக்கூட எனக்குத் தெரியாது. 'வேண்டாம்' என்பது அதற்கும் அப்பால், நான் கால் வைக்காத கண்டம்.

அன்றே டோக்கியோ தம்பி கூப்பிட்டார். என் முகத்தையே பார்த்திராதவர். குரலில் மட்டும் மெய்யான காயம்.

"அண்ணா, ஹோட்டல் போடப் போறீங்களாமே? அப்ப நாங்க எதுக்குண்ணா இங்க இருக்கோம்?"

அவர் எதற்கு அங்கே இருக்கிறார் என்று எனக்கு எப்படித் தெரியும்? ஆனாலும் குற்றவாளியைப் போல, "சேச்சே, அதெல்லாம் இல்ல தம்பி" என்றேன்.

"வீடு சின்னதுதாண்ணா. ஆனா காத்து மெத்தை இருக்கு. ரெண்டு!"

ஐசலின் மச்சானிடம் இதைப் பேச்சுவாக்கில் சொன்னது அடுத்த தவறு. "வெறுங்கையோட போயிராதீங்க மாப்ள," என்று ஓக் ட்ரீ ரோட்டு இந்தியக் கடைகளில் ஒரு மைசூர்பாகுப் பெட்டி, ஒரு முறுக்கு டின், டோக்கியோ தம்பியின் குழந்தைக்கு ஒரு பட்டுப்பாவாடை என்று வாங்கி அனுப்பிவிட்டார். திங்கட்கிழமைவரை அப்படி ஒரு குழந்தை இருப்பதே அவருக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை அதன் இடுப்பளவுகூடத் தெரிந்திருந்தது. பார்சலை கராஜில் மறைத்து வைத்தேன்.

இதற்குள் ஆலன் நண்பன் எக்ஸெல் ஷீட் போட்டுவிட்டான். மஞ்சள் என்றால் சாப்பாடு, நீலம் என்றால் ரயில், சிவப்பு என்றால் 'அவனைக் கேட்டு முடிவு செய்யவும்'. அவன் என்றால் சகலையின் தம்பி. ஷீட்டில் பாதி சிவப்பு.

நண்பன் வீட்டில் சனிக்கிழமை கறி சாப்பிட மாட்டார்கள். அவனுக்கு ஒரு சந்தேகம்.

"வெள்ளிக்கிழமை மத்தியானம் கிளம்பினா சனிக்கிழமை சாயங்காலம் எறங்குறோம். நடுவுல தேதிக்கோடு வருது. அப்ப அந்தச் சனிக்கிழமை நமக்கு முழுசா வருதா, பாதியா?"

"பாதிதான்டா."

"அப்ப நைட்டு சிக்கன் சாப்பிடலாமா?"

"உங்க அம்மாவக் கேளு."

"அம்மாவுக்கு பூமி உருண்டைன்னு மொதல்லேர்ந்து சொல்லணும்டா."

வெந்நீர் ஊற்றுக் குளியல் இன்னொரு விவாதம். "துணி இல்லாம எல்லாரும் ஒண்ணா எறங்கணுமாம்" என்று தகவல் கொடுத்தான். "ஹாஸ்டல்ல பாக்காததாடா?" என்றேன். "அப்ப தொப்பை இல்லடா" என்றான். அந்த வரிசையைச் சிவப்பாக்கினான். குளிப்பதா வேண்டாமா என்பதையும் அந்தத் தம்பியே முடிவு செய்யட்டும்.

இரண்டு வாரம் இதெல்லாம் என் ஃபோனுக்குள்ளேயே நடந்தது. அவளிடம் நல்ல நேரம் பார்த்துச் சொல்லலாம் என்று நினைத்தேன். நல்ல நேரம் என்பது நாம் சொல்லாமலே அவர்களுக்குத் தெரிந்துவிடும் நேரம். ஞாயிற்றுக்கிழமை அவள் தன் ஃபோனைக் கையால் பொத்திக்கொண்டு வந்து நின்றாள்.

"டோக்கியோலேர்ந்து ஒரு பொண்ணு பேசுது. நான் எத்தன இட்லி சாப்பிடுவேன்னு கேக்குது."

நான் மடிக்கணினியைத் திறந்தேன். தப்பு செய்தவன் ஆதாரத்தைக் காட்டுவது தற்காப்பு ஆகாது என்று அப்போது தோன்றவில்லை. "எல்லாம் பிளான் பண்ணியாச்சு, நீ எதுவும் பண்ண வேணாம், பாரேன்" என்றேன்.

அவள் அந்தப் பெண்ணிடம், "நாலு போதும்மா, அப்புறம் பேசறேன்" என்று மரியாதையாக வைத்துவிட்டு உட்கார்ந்து ஷீட்டைப் படித்தாள். விரலால் ஒவ்வொரு வரிசையாக இறங்கினாள். தம்பி வீட்டில் காலை டிபன். தம்பி வீட்டில் மதியச் சாப்பாடு. பிள்ளைகளுக்குத் தீம் பார்க். இந்தியக் கடை. தம்பியின் அலுவலக நண்பர் வீட்டில் இரவுச் சாப்பாடு. மூன்றாம் நாள் நடுவில் விரல் நின்றது. அங்கே நண்பன் இப்படிப் போட்டிருந்தான்: '3:40 – 4:25. கடல். நேரம் இருந்தால்.'

அவள் கோபப்பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். கோபத்துக்கு என்னிடம் இருபத்திரண்டு வருடப் பதில்கள் தயாராக இருந்தன. அவள் மகளைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு, நடந்ததைச் செய்தி வாசிப்பதுபோலச் சொன்னாள்.

"வெயிட். அப்பா, யூ இன்வைட்டட் பீப்பிள் டு அம்மாஸ் ட்ரிப்?"

"இன்வைட் பண்ணலம்மா. அவங்களா..."

"அப்பா."

அந்த ஒரு சொல்லோடு ஆங்கிலம் சேரவில்லை. அது போதுமானதாக இருந்தது.

ஃபோனை வைத்துவிட்டு அவள், "நான் வர்லங்க. நீங்க எல்லாரும் போயிட்டு வாங்க" என்றாள். கொஞ்சம் யோசித்தாள். "இல்ல, மாத்திச் சொல்லிட்டேன். நான் போறேன். நீங்க எல்லாரும் வராதீங்க."

"நானுமா?"

"நீங்க வந்தா எல்லாரும் வருவாங்க."

இதில் வாக்கியத்தை மட்டும் தனியாக எடுத்து வைத்துக்கொள்ள முடியவில்லை. வலியும் கூடவே வந்தது. நாங்கள் இரண்டு பேரும் போய் உட்கார வேண்டிய பாறை அது. கதவைத் திறந்து வைத்த ஆள் நான். அவள் அதைச் சாத்தியபோது நான் எந்தப் பக்கம் நின்றிருந்தேன் என்பதை அப்போதுதான் பார்த்தேன்.

மெல்ல எழுந்து கராஜுக்குப் போனாள். பார்சல் அங்கே இருப்பது அவளுக்கு அது வந்த அன்றே தெரிந்திருக்கிறது. கொண்டுவந்து பிரித்து, ஒரு மைசூர்பாகை வாயில் போட்டுக்கொண்டாள். "நல்லாத்தான் இருக்கு. அண்ணன் நல்ல கடையிலதான் வாங்கியிருக்கு."

பாவாடையை நான் டோக்கியோவுக்குத் தபாலில் அனுப்பினேன். தம்பியைக் கூப்பிட்டு, "வர்லப்பா, மன்னிச்சிரு" என்றேன். இரண்டே சொல்தான். சொல்லி முடிப்பதற்குள் சட்டை நனைந்துவிட்டது. அவர், "பரவால்லண்ணா, அடுத்த தடவை கண்டிப்பா" என்றார். எனக்கு அழுகை வரும்போல இருந்தது. நல்லவர்களிடம் மறுப்புச் சொல்வதுதான் உலகத்திலேயே கஷ்டமான வேலை. அதனால்தான் நம் ஊரில் எல்லோரும் நல்லவர்களாக இருந்து தொலைக்கிறார்கள்.

ஆலன் நண்பனிடம் பாதிதான் ஜெயித்தேன்.

"அப்ப ஜப்பான் இல்லையா? சரி விடு. லீவு எடுத்தாச்சு. நாங்க உங்க வீட்டுக்கே வந்துடறோம்."

"வாங்க வாங்க," என்றேன்.

நண்பன் குடும்பம் வரும் அதே வாரத்துக்குத்தான் அவள் டிக்கெட் போட்டிருந்தாள். தேதியை மாற்றச் சொல்லி நான் கேட்கவில்லை. கேட்காததை ஒரு தியாகம் போல முகத்தில் வைத்துக்கொண்டு ரெண்டு நாள் நடந்தேன். அவள் கவனிக்கவில்லை. பெட்டியில் ஒரு பருப்புப்பொடி டப்பாவும் இரண்டு செட் துணியும் வைத்தாள். எங்கள் வரலாற்றிலேயே எடை பார்க்காமல் மூடிய முதல் பெட்டி அதுதான்.

மார்ச் மாதம், வெள்ளிக்கிழமை காலை. ஃப்ரீவேயிலிருந்து பாலத்தில் ஏறினோம். பாலத்தில் வளைகுடா இடமும் வலமும் பளபளத்தது. தினம் தாண்டிப்போகிற தண்ணீர். ஒருநாளும் அதன் கரையில் நாங்கள் காரை நிறுத்தியதில்லை. விமான நிலையத்தில் புறப்பாட்டு வாசலில் ஓரம் கட்டினேன். பின்னால் வண்டிகள் நெருக்கின. மஞ்சள் மேலங்கிக்காரர் ஒருவர் எடு எடு என்று கையை ஆட்டினார்.

பெட்டியை இறக்கி வைத்தேன். கை சும்மா இராமல் சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்தது.

"அந்தத் தம்பி நம்பர். சும்மா, அவசரத்துக்கு. நீ வர்றேன்னு சொல்லலை, சத்தியமா."

அவள் சீட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு சீட்டை வாங்கி, நாலாக மடித்து, என் சட்டைப்பையிலேயே திரும்ப வைத்து, அந்தப் பையை ஒருமுறை தட்டினாள். திருமணமான புதிதில் அலுவலகம் கிளம்பும்போது அப்படித் தட்டுவாள். அது எப்போது நின்றது என்று எனக்குத் தெரியவில்லை.

"அவசரம்னா அங்கயும் ஆம்புலன்ஸ் இருக்கும்," என்றாள். "நாளைக்கு ஆலன்காரங்க வந்ததும் காபி நீங்களே போடுங்க. உங்க ஃப்ரெண்டோட ஒய்ஃப அடுப்படிக்குள்ள விடாதீங்க, பாவம், அவங்களும் லீவுலதான வர்றாங்க."

"சரி. நீ பாத்துப் போ. போய்ச் சேந்ததும்..."

மேலங்கிக்காரர் இப்போது விசிலையே ஊதினார். அவள் பெட்டியின் கைப்பிடியை இழுத்து நீட்டினாள்.

"சேந்ததும் ஃபோன் பண்ண மாட்டேன். சேந்துட்டேன்னு நீங்களே நெனச்சுக்கங்க."