கஞ்சி போட்ட கோட்டு

தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் தொற்றுத் தடுப்பு நர்ஸாக இருக்கிறேன். துடைத்த கட்டில் கம்பியில் பஞ்சுக்குச்சியைத் தேய்த்து மீட்டரில் வைத்தால் ஒரு எண் காட்டும். எண் கூடினால் அழுக்கு மிச்சமிருக்கிறது என்று அர்த்தம்.

எங்கள் வார்டைத் துடைக்கும் செல்வி அக்காவின் கட்டில்களில் மூன்று நாளாக எண் ஏறியே நின்றது. "வேலை பார்க்க வர்றீங்களா, வேடிக்கை பார்க்க வர்றீங்களா?" என்று எல்லோர் முன்னாலும் கத்திவிட்டேன். அவரை வேலையை விட்டு எடுக்கச் சொல்லிக் கடிதமும் எழுதி வைத்தேன்.

"உங்க கண்ணு முன்னாடியே துடைக்கிறேன், பாருங்க சிஸ்டர்" என்றார். மூலை முடுக்கு விடாமல் துடைத்தார். அப்போதும் எண் ஏறியது.

அடுக்கிலிருந்து இன்னொரு துணியை எடுத்து மோந்து பார்த்தார். "புளிச்ச கஞ்சி வாடை அடிக்குதுங்க."

அந்தத் துணியைச் சோதித்தேன். எண் எகிறியது. சலவை அறைக்கு ஓடினேன். என் கோட்டு விறைப்பாக நிற்க வேண்டுமென்று, சோறு வடித்த கஞ்சியில் முக்கச் சொன்னவள் நான்தான். அதே தொட்டியில்தான் துடைக்கும் துணிகளையும் அலசியிருக்கிறார்கள்.

கடிதத்தைக் கிழித்தேன். அதே வார்டில், எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன்.

"விடுங்க சிஸ்டர். அந்த மிஷினை எப்படிப் பார்க்கிறதுன்னு எனக்கும் சொல்லிக் குடுங்க" என்றார்.

இப்போது மீட்டரை இருவரும் சேர்ந்துதான் பார்க்கிறோம். எண் இறங்கிவிட்டது. அழுக்கு இருக்கிறது என்று மட்டும்தான் அது அன்றைக்குச் சொன்னது. யார்மீது குற்றம் என்பதை நானாகச் சேர்த்துக்கொண்டேன்.

என் கோட்டு இப்போதெல்லாம் கசங்கித்தான் இருக்கிறது.