மைக்கம்மாவின் விரல்

நகரமன்றக் கூட்ட அரங்கின் பின்சுவரில், கொஞ்சம் உயரத்தில், கண்ணாடி போட்ட ஒரு சின்ன அறை உண்டு. அங்கே உட்கார்ந்து எந்த மைக் பேசலாம், எது வாயை மூடவேண்டும் என்று பொத்தானை அமுக்குவதுதான் மைக்கம்மாவின் வேலை. சொந்தப் பெயர் அவள் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. புருஷன் இருந்தவரை இருவருமாக மைக் செட் வாடகைக்கு விட்டார்கள். அவன் போனபின் பெட்டிகளை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, இங்கே தற்காலிக ஊழியராகச் சேர்ந்தாள். தற்காலிகம் என்றால், வருஷா வருஷம் நகரமன்றத் தலைவர் மனசு வைத்துக் கையெழுத்துப் போட்டால்தான் அடுப்பு எரியும். ஆயுள் முழுக்க மைக்கோடு குடித்தனம் நடத்தியவள் அதில் பேசியதெல்லாம் ஒரே வசனம்: "ஹலோ, மைக் டெஸ்ட், ஒன், டூ, த்ரீ."

இந்த வேலையில் யாரும் எழுதி வைக்காத ஒரு விதி இருந்தது. யாராவது கேட்கக்கூடாததைக் கேட்டால், தலைவர் தன் முன்னால் இருக்கும் தண்ணீர் டம்ளரை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் நகர்த்துவார். உடனே அந்த ஆளின் மைக் செத்துப்போகும். "தொழில்நுட்பக் கோளாறு" என்பார் செயலாளர். பாவம் மைக், எத்தனை பேர் செய்த பாவத்தைச் சுமந்தது!

பதின்வயதுப் பிள்ளைகளுக்குத் தலைமைப் பண்பும் ஊர்க்காரியத்தில் அக்கறையும் வளர்க்கப்போவதாக நகரமன்றம் ஒரு மாணவர் மன்றம் தொடங்கியது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும் என்று அன்று யாரும் கேட்கவில்லை. மைக்கம்மாவின் மகள் அதில் உறுப்பினரானாள். பத்தாம் வகுப்பு, வாய் மட்டும் வக்கீலுக்குப் படித்தது.

"தாயைப் போல பிள்ளைங்கிறது சும்மா," என்று அலுவலகத்தில் கேலி செய்தார்கள். "தாய் வாயே திறக்க மாட்டா, பொண்ணு மைக்கையே முழுங்கிடுவா."

மைக்கம்மா சிரித்துக்கொள்வாள். உள்ளுக்குள் அவளுக்குப் பெருமை பிடிபடாது. தான் பேசாததையெல்லாம் இவள் பேசிவிடுவாள் என்பது ஒன்றே அவளுடைய ஆசை. அதற்காக எந்த டம்ளரையும் பொறுத்துக்கொள்ளலாம் என்று இருந்தாள்.

மாணவர்கள் பெரியவர்களின் கூட்டத்திலேயே பேசும் நாள் வந்தது. மகள் இஸ்திரி போட்ட சட்டையோடு எழுந்து, நன்றியெல்லாம் சொல்லிவிட்டு, கையிலிருந்த தாளை மடித்து வைத்தாள்.

"நாங்க விளையாடுற மைதானத்தைக் கார் நிறுத்த எடுத்துக்கிட்டீங்க. எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா? அந்தக் குத்தகை யாருக்குப் போச்சுன்னு சொல்ல முடியுமா?"

தலைவரின் மைத்துனருக்குத்தான் போயிருந்தது. டம்ளர் நகர்ந்தது.

மைக்கம்மா பார்க்காததுபோல் குனிந்துகொண்டாள். டம்ளர் இன்னொரு தரம் நகர்ந்தது, இந்தமுறை 'டக்'கென்று. தலைவர் நிமிர்ந்து கண்ணாடி அறையைப் பார்த்தார். வாடகை, பள்ளிக்கூடம், அடுத்த வருஷக் கையெழுத்து எல்லாம் அந்தப் பார்வையில் இருந்தன. அவள் அமுக்கினாள்.

கீழே மகளின் வாய் மட்டும் அசைந்தது. அவள் மைக்கைத் தட்டினாள், ஊதிப் பார்த்தாள். எல்லோரும் கைதட்டி அவளை உட்காரவைத்தார்கள்.

வீட்டில் சோற்றைப் பிசைந்தபடி மகள் கேட்டாள். "ஏம்மா, என் மைக்குக்கு மட்டும் என்ன ஆச்சு?"

"ஒயர் லூஸா இருந்திருக்கும்டி."

"தலைவர் தண்ணியே குடிக்கலயே. டம்ளரை எதுக்கு நகர்த்திக்கிட்டே இருந்தாரு?"

"எனக்கென்ன தெரியும்? சாப்பிடு."

மகள் தாயின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் அதைப் பற்றிப் பேசவே இல்லை. தப்பித்தோம் என்று நினைத்தாள் மைக்கம்மா, பைத்தியக்காரி.

அதற்குப்பின் மகள் நிதானமாகிவிட்டாள். மைதானத்தை விட்டுவிட்டு மரக்கன்று, சுவர் ஓவியம் என்று பேசினாள். தலைவரோடு படம் எடுத்துக்கொண்டாள். அடுத்த வருஷம் அவரே அவளை மாணவர் மன்றத் தலைவியாக்கினார். மைக்கம்மாவின் வேலைக்கான கையெழுத்தும் தாமதமில்லாமல் வந்தது.

புதுத் தலைவி அதே அரங்கில் மாணவர் மன்றக் கூட்டம் நடத்திய முதல் நாள், பெரிய நாற்காலியில் மகள். முன்னால் அதே டம்ளர். மேலேயிருந்து பார்த்த தாய்க்குக் கண் நிறைந்தது. ஒல்லிக்குச்சியாக ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்தாள்.

"அக்கா, போன வருஷம் நீங்க கேட்ட மைதானம் என்ன ஆச்சு? ஏன் இப்போ அதைப் பத்திப் பேசவே மாட்டேங்கிறீங்க?"

மகள் புன்னகை மாறாமல் டம்ளரை வலப்பக்கம் நகர்த்தினாள்.

மைக்கம்மா பொத்தானிலிருந்து விரலை எடுத்தாள். கையை மடியில் வைத்துக்கொண்டாள். அந்தப் பெண் தொடர்ந்து பேசினாள். டம்ளர் இரண்டாம் முறை 'டக்'கென்றது. மகள் தலையை உயர்த்திக் கண்ணாடி அறையைப் பார்த்தாள். அம்மாவைப் பார்க்கிற பார்வை இல்லை அது. தற்காலிக ஊழியரைப் பார்க்கிற பார்வை.

விரலுக்குப் பழக்கம். அது போய் அமுக்கிவிட்டது.

"ஒயர் லூஸா இருக்கு போல," என்றாள் மகள், கணீரென்று. "அடுத்தவங்க பேசலாம்."

கூட்டம் முடிந்து மைக்கம்மா ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தபோது செயலாளர் படியேறி வந்தார். முகமெல்லாம் பல்.

"உன் பொண்ணு பெரிய ஆளா வருவாம்மா. இந்த வயசுலயே கூட்டத்தை எப்படிக் கட்டி மேய்க்கிறா! எங்க கத்துக்கிட்டா?"

மைக்கம்மா ஒயரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வீட்டுலதான் சார்," என்றாள்.