திரும்பும்போது நாலு பேர்

இதைப் படித்து முடித்துவிட்டு "கதை நல்லா இருக்கு" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். கதை கட்ட எனக்கு வராது. நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறவள். குழாயில் ரத்தம் எடுத்தால், அதன் மேல் தேதி, மணி, நிமிடம் எழுதி ஒட்ட வேண்டும். பதினாறு வருடப் பழக்கம். அதனால்தான் இதில் வரும் நேரங்கள் எல்லாம் இவ்வளவு சரியாக இருக்கும். எதையும் நான் கூட்டிச் சொல்லவில்லை.

வீட்டில் நாங்கள் மூன்று பேர். நான், என் கணவர், மாமியார். கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். நாள் முழுக்க அடுத்தவர் கையில் உயிரைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பதால், வீட்டில் எது நடந்தாலும் பதறமாட்டார். மாமனார் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. ஒரு முழுக்குப் போட்டால் பாவமெல்லாம் தீரும் என்று எல்லோரும் போய்வருகிற அந்த ஆற்றங்கரை ஊருக்கு நாமும் ஒரு தடவை போகலாம் என்று அவர் இருந்தபோது சிலமுறை சொல்லியிருக்கிறேன். உடனே எழுந்து வெளியே போய்விடுவார்.

இந்த வருடம் நான் ஒற்றைக் காலில் நின்றேன். மாமியார் முட்டி வலி என்றார். குளிர் ஒத்துக்காது என்றார். நான் விடவில்லை. பெரியவர்களைப் புண்ணிய ஊருக்குக் கூட்டிப்போவதில் என்ன தப்பு இருக்க முடியும்?

சனிக்கிழமை காலை 10.20-க்குக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, போவதற்கான டிக்கெட் எடுத்தேன். மூன்று பேருக்கு. திரும்பும் டிக்கெட் எடுப்பதற்குள் கம்ப்யூட்டர் மக்கர் செய்தது. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுந்துவிட்டேன்.

புதன்கிழமை மதியம் 3.10. ஒரு குழந்தையின் கையில் நரம்பு தேடிக்கொண்டிருந்தேன். பையில் போன் அதிர்ந்தது. குழந்தையை அனுப்பிவிட்டுப் பார்த்தேன். திரும்பும் டிக்கெட் உறுதியாகிவிட்டது என்று செய்தி. என் கணக்கிலிருந்துதான் எடுத்திருக்கிறார்கள்.

நாலு பேர்.

முதல் மூன்றும் எங்கள் பெயர்கள். நான்காவதாக ஒரு பெண்ணின் பெயர். அதை இங்கே எழுத மாட்டேன். வயது 23.

கடவுச்சொல் எனக்கும் கணவருக்கும் மட்டும்தான் தெரியும். மாமியாருக்கு டிவி ரிமோட்டே தகராறு. அப்புறம் என்ன நினைப்பீர்கள்? நானும் அதைத்தான் நினைத்தேன். அன்றைக்கு எடுத்த ரத்தத்துக்கெல்லாம் யார் பெயரை எழுதி ஒட்டினேனோ, தெரியாது.

ஏழு மணிக்கு அவர் வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவிடவில்லை.

"யாரு இவ?"

"எவ?"

"இருபத்திமூணு வயசு. உங்ககிட்ட வண்டி கத்துக்க வர்றவளா?"

டிக்கெட்டைப் பார்த்தார். சிரித்துவிட்டார். அது எனக்கு இன்னும் எரிந்தது.

"அம்மாவையும் பொண்டாட்டியையும் கூட்டிட்டுப் போற டிக்கெட்லயே இன்னொருத்தியைச் சேர்க்க, நான் என்ன அவ்வளவு பெரிய முட்டாளா?"

நியாயமான கேள்விதான். ஆனால் சந்தேகத்துக்குக் காது கிடையாது. மூன்று மணிக்கு எங்கே இருந்தீர்கள் என்றேன். ஒரு டீச்சரம்மாவுக்கு வண்டி சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன் என்றார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்... அந்த டீச்சருக்கே போன் போட்டேன்.

"சார் பக்கத்துலதான் இருந்தார். பிரேக்கு, பிரேக்குனு கத்திக்கிட்டே வந்தார். ஏன், என் மேல ஏதாவது புகாரா?" என்றார் அவர், பயந்துபோய்.

அப்போதும் என் மனம் ஆறவில்லை. நான்காவது பெயரைச் சத்தமாகப் படித்து, "இவளை உங்களுக்குத் தெரியவே தெரியாதா?" என்றேன்.

சமையலறையில் ஓடிக்கொண்டிருந்த குழாய்ச் சத்தம் சட்டென்று நின்றது.

மாமியார் அங்கேதான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். நாங்கள் சண்டை போட்டால் ஓடிவந்து நடுவில் நிற்கிறவர். அன்றைக்கு வரவில்லை. எட்டிப் பார்த்தேன். ஈரக் கையோடு, சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். "என்ன அத்தை?" என்றேன்.

"ஒண்ணுமில்லை. போக வேண்டாம். எல்லாத்தையும் ரத்து பண்ணிடு" என்றார். திரும்பாமலே.

மறுநாள் வியாழன். காலை 11.05-க்கு, அந்த ஊரில் நாங்கள் தங்குவதற்கு அறை கேட்டு வைத்திருந்த விடுதிக்குப் போன் செய்தேன். தமிழ் பேசுகிற மேனேஜர். எங்கள் மூன்று பேரின் பெயரையும் தேதியையும் சொன்னேன். அறை வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"உங்களுக்குத்தான் நேத்தே ரூம் போட்டாச்சேம்மா. கீழ்த்தளத்துல, ஆத்தைப் பார்த்த மாதிரி. அம்மாவுக்கு முட்டி வலி, படி ஏற முடியாதுன்னு சொன்னாங்களே."

"யார் சொன்னது?"

"உங்க வீட்டுப் பொண்ணுதாங்க. 'வரும்போது மூணு பேர், திரும்பும்போது நாலு பேர்'னு சொன்னாங்க."

"எந்த நம்பர்லேருந்து பேசினாங்க?"

"போன்ல இல்லைங்க. நேர்ல வந்தாங்க. என் எதிர்லதான் நின்னாங்க. ஆத்துல குளிச்சிட்டுத் துவட்டாமலே வந்துட்டாங்க போல. போனதுக்கப்புறம் தரையைத் துடைச்சே கை வலிச்சுப்போச்சு."

எத்தனை மணிக்கு என்று கேட்டேன்.

"மூணு இருக்கும். மூணு பத்து."

அந்த ஊருக்கும் எங்கள் வீட்டுக்கும் இரண்டு நாள் ரயில் பயணம்.

அறை வேண்டாம் என்று சொல்லி வைத்துவிட்டேன். கணவர் மேல் இருந்த சந்தேகம் போய்விட்டது. அதைவிட மோசமான ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டது. முட்டி வலி யாருக்குத் தெரியும்? எங்களுக்கு மட்டும். அந்தப் பெயர் யாருக்குத் தெரியும்? மாமியாருக்கு.

அன்று சாயங்காலம் 6.40. கணவர் இன்னும் வரவில்லை. மாமியார் சாப்பாட்டு மேஜையில் துணி மடித்துக்கொண்டிருந்தார். எதிரே உட்கார்ந்தேன்.

"அத்தை, அந்தப் பொண்ணு யாரு?"

"எந்தப் பொண்ணு?"

"நீங்க பெயரைக் கேட்டதும் குழாயை மூடினீங்களே... அந்தப் பொண்ணு."

மடித்த துணியையே மறுபடி பிரித்து மடித்தார்.

அப்போது என் போன் அடித்தது.

விடுதி நம்பர்.

எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, மேஜை மேல் வைத்தேன்.

"சொல்லுங்க மேனேஜர்."

சளக்... சளக்... படியில் தண்ணீர் மோதுகிற சத்தம்.

"ஹலோ?"

சளக்... சளக்...

பிறகு ஒரு பெண் குரல். சின்ன வயது. மூச்சு வாங்கியது.

"பாப்பா..."

மாமியார் கையிலிருந்து துணி விழுந்தது.

"பாப்பா... கையைக் கொடு..."

அறுபத்தெட்டு வயது மாமியார், சின்னப் பிள்ளை மாதிரி நாற்காலியில் சுருண்டார்.

"அக்கா..."

அக்காவா? கூடப் பிறந்தவர் யாரும் இல்லை என்றுதானே எங்களிடம் சொல்லியிருந்தார்?

"கையைக் கொடு..."

"கொடுத்தேனே அக்கா... தண்ணியில இறங்கி வந்தேனே... கழுத்து வரைக்கும் இறங்கி வந்தேனே... எட்டலையே..."

சளக்.

தண்ணீர்ச் சத்தம் நின்றது.

குரல் மறுபடி வந்தது. இப்போது மூச்சு வாங்கவில்லை. மிக அருகில் கேட்டது.

"பாப்பா."

அவ்வளவுதான்.

6.44. இணைப்பு அறுந்தது.

மாமியார் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுந்து வீட்டிலுள்ள எல்லா விளக்குகளையும் போட்டேன். கணவர் வந்ததும் நடந்ததைச் சொன்னேன். அன்று இரவே அவர் டிக்கெட்டுகளையெல்லாம் ரத்து செய்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை, மாமனாரின் தம்பியைப் பார்க்கப் போனேன். சின்ன மாமா என்று கூப்பிடுவோம். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பெயரைச் சொன்னதும் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"அவங்கதான்மா எங்க அண்ணனோட முதல் சம்சாரம். உன் மாமியாரோட கூடப் பிறந்த அக்கா. கல்யாணமாகி ரெண்டு வருஷத்துல, மூணு பேருமா அந்த ஊருக்குப் போனாங்க. அண்ணன், அண்ணி, துணைக்கு உன் மாமியார். திரும்பி வந்தது ரெண்டு பேர். அடுத்த வருஷமே அண்ணன் உன் மாமியாரைக் கட்டிக்கிட்டார். அந்தப் பேச்சை யாரும் எடுக்கக் கூடாதுன்னுட்டார்."

"ஆத்துல அடிச்சிட்டுப் போயிடுச்சா மாமா?"

"கடைசி வரைக்கும் உடம்பு கிடைக்கலை. அண்ணன் எல்லாருக்கும் டீ வாங்கக் கரைக்கு மேல போயிருந்தார். அக்காவும் தங்கச்சியும் மட்டும்தான் படியில இருந்தாங்க. சத்தம் கேட்டு ஓடி வந்திருக்கார்."

"அத்தை இறங்கிக் காப்பாத்தப் பார்த்தாங்களாமே. கழுத்தளவு தண்ணியில..."

சின்ன மாமா நிமிர்ந்து பார்த்தார்.

"அப்படியா சொன்னாங்க?"

"ஆமா."

"அண்ணன் சாகறதுக்கு ஒரு வாரம் முன்னாடி என்கிட்ட ஒண்ணு சொன்னார்மா. அவர் ஓடி வந்தப்போ உன் மாமியார் மேல்படியில உக்காந்திருந்தாங்களாம். ஆத்தையே பார்த்துக்கிட்டு."

குரலைத் தாழ்த்தினார்.

"கட்டியிருந்த துணியில ஒரு சொட்டு ஈரம் இல்லையாம்."