தட்டைக் காலியாக்கிய விருந்தாளி

எழுதிப் பழக்கமில்லாதவள் நான். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறப்பதே எனக்குப் பெரிய காரியம். அப்படிப்பட்ட நான் எழுத வந்தது அதிகப்படி என்று தெரியும், பொறுத்துக்கொள்ளுங்கள். யாரிடமாவது சொல்லிவிட்டால் மனம் கொஞ்சம் அடங்கும் என்றுதான் எழுதுகிறேன்.

இது நடந்தது இரண்டு வருடத்துக்கு முன், பனி கொட்டிய ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். சுவிஸில் பேர்ன் நகருக்குப் பக்கத்தில் ஓஸ்டர்முண்டிகனில் மூன்றாம் மாடியில் எங்கள் வீடு. நான் ஒரு மருத்துவமனைச் சமையலறையில் வேலை செய்கிறேன். ஒரே மகள், இங்கேயே பிறந்தவள். அவள் ஒரு சுவிஸ் பையனை விரும்பினாள். நானும் கணவரும் ஆறு மாதம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தோம். அந்த ஆறு மாதமும் மகள் எங்களோடு சரியாகக் கதைக்கவில்லை. பிறகுதான் ஓம் என்றோம். அன்று அந்தப் பையனின் தாயும் தகப்பனும் லாங்கன்தாலிலிருந்து முதல் முறையாகச் சாப்பிட வருகிறார்கள். இந்தச் சாப்பாடு நல்லபடியாக முடிந்தால் மகள் பழையபடி எங்களோடு சிரித்துப் பேசுவாள், பிசகினால் அவளை இழந்துவிடுவேன் என்று எனக்குள் ஒரே பதைப்பு.

முதல் நாளே மகள் எனக்குப் பாடம் நடத்தினாள்.

"அம்மா, அவையளிட்ட ஒண்டும் கேக்கப்படாது. வயசு, சம்பளம், என்ன வருத்தம், என்ன மருந்து, ஒண்டும். இஞ்ச அது மரியாதையில்லை."

"பின்ன நான் என்னத்தைக் கதைக்கிறது?"

"வெதரைப் பற்றிக் கதையுங்கோ."

"பனி கொட்டுது எண்டு நான் சொல்லவோ வேணும்? அதுக்குள்ளால தானே வருவினம்."

மகள் சிரிக்கவில்லை. நான் வடைக்குப் பருப்பு ஊறப்போட எழும்பினேன்.

விடிய ஐந்து மணிக்கு எழும்பிவிட்டேன். ஆட்டிறைச்சிக் கறி, இறால் பொரியல், கத்தரிக்காய்ப் பால்கறி, பருப்பு, புட்டு, சோறு, வடை, பாயாசம். உறைப்பைப் பாதியாகக் குறைத்தேன், பிறகு அதுவும் கூடிவிட்டதோ என்று தேங்காய்ப்பாலை ஊற்றினேன். பொரித்த வாசம் போக எல்லா ஜன்னலையும் திறந்துவிட்டேன். வீடு ஐஸ்பெட்டி மாதிரி ஆனதும் திரும்ப மூடினேன். பன்னிரண்டு மணிக்கு வரச் சொல்லியிருந்தோம். நம்முடைய ஆட்களின் பன்னிரண்டு எப்படியும் ஒரு மணியாகும் என்ற எண்ணத்தில், நான் வீட்டுச் சட்டையோடு இறால் பொரித்துக்கொண்டிருந்தேன்.

"இஞ்சேரப்பா," என்றார் கணவர் ஜன்னலருகில் நின்று, "கீழ காருக்குப் பக்கத்தில ரெண்டு பேர் மணிக்கூட்டைப் பாத்துக்கொண்டு நிக்கினம்."

மணி பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருந்தது.

"கூப்பிடுங்கோவன்," என்றேன்.

"வேண்டாம்," என்றாள் மகள். "நேரத்துக்கு முந்தி வாறது அவைக்கு மரியாதையில்லை."

"பனியில நிக்கிறதுதான் மரியாதையோ?" என்று கேட்டார் அவர்.

பன்னிரண்டு அடிக்க மணியை அமத்தினார்கள். நான் சீலையின் பாதியைச் சுற்றிக்கொண்டு அறைக்குள் நின்றேன். வெளியே வந்து பார்த்தால், இருவரும் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, பையிலிருந்து சொந்தச் செருப்பை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்குள் போடச் செருப்பையும் சுமந்து வரும் விருந்தாளியை அன்றுதான் முதலில் கண்டேன். அந்த அம்மா தானே மாவைச் சடை மாதிரிப் பின்னிச் சுட்ட பாண் ஒன்றை என் கையில் தந்தார். தகப்பன் நல்ல உயரம், மெலிந்தவர், சட்டை தோளில் தொங்கியது. மகனுக்கு அன்று ஆஸ்பத்திரியில் வேலை. அவன் தாதி. இரண்டு மணிக்குத்தான் வருவான்.

சாப்பாட்டு மேசையில் அடுத்த சிக்கல். நான் நின்றுதான் பரிமாறுவேன், விருந்தாளி சாப்பிட்ட பிறகுதான் எனக்கு. ஆனால் நானும் உட்காரும்வரை அந்த அம்மா முள்ளுக்கரண்டியைத் தொடவில்லை. நான் கதிரையில் இருந்தேன், அவர் கரண்டியை எடுத்தார். பருப்பு எடுக்க எழும்பினேன், அவர் கரண்டியை வைத்தார். இப்படி ஐந்தாறு தரம். கறி ஆறிக்கொண்டே இருந்தது. மகள் மேசைக்கடியில் என் காலை அழுத்தினாள். கதிரையின் நுனியில் இருந்தேன். அதற்கு மேல் என்னால் சாய முடியவில்லை.

தகப்பன் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். பின்னல் பாணால் தட்டைத் துடைத்தும் எடுத்தார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வெறும் தட்டைப் பார்த்துக்கொண்டு எப்படி இருப்பது? இன்னும் புட்டும் இறைச்சியும் வைத்தேன். ஒரு கணம் தட்டைப் பார்த்துவிட்டுக் குனிந்து அதையும் முடித்தார். மூன்றாம் முறையும் வைத்தேன். அந்த அம்மா தன் தட்டைக் கையால் மூடிக்கொண்டார், மற்றக் கையால் கணவரின் சட்டைக் கையைத் தொட்டார். அவர் நெற்றியில் வியர்வை. உறைப்புத்தான் என்று நினைத்தேன். உறைப்புக்கு இனிப்பு நல்லது என்று பெரிய கிண்ணத்தில் பாயாசம் கொண்டுவந்து வைத்தேன். அதையும் கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

கொஞ்ச நேரத்தில் அவர் முகம் மாவு மாதிரி வெளுத்தது. மன்னிப்புக் கேட்டுக்கொண்டு எழும்பிக் குளியலறைக்குப் போனார். போனவர் வரவில்லை.

ஐந்து நிமிடம். பத்து நிமிடம். அந்த அம்மா கதவைத் தட்டி மெதுவாகப் பேசினார். நான் குளியலறைக்கும் குசினிக்கும் இடையில் நடந்தேன். தண்ணீர் எடுத்தேன், ஊற்றினேன், திரும்ப எடுத்தேன். மகளுடைய முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. சம்பந்தம் எல்லாம் அப்போது மறந்துபோய்விட்டது. இந்த மனிதர் என் வீட்டில், என் சாப்பாட்டால், செத்துவிடக் கூடாது என்பது மட்டும்தான் மனதில்.

கதவைத் திறந்து வந்தவரைக் கணவர் பிடித்துச் சோபாவில் கிடத்தினார். அந்த நேரம்தான் மகன் வந்தான். சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்து நாடி பிடித்தான், காலைத் தூக்கித் தலையணை வைத்தான்.

"அப்பா என்ன சாப்பிட்டார்?" என்று டொச்சில், அதாவது ஜெர்மன் மொழியில், கேட்டான்.

நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். பாயாசம் என்றதும் கண்ணை மூடிக்கொண்டான். போன வருடம் அவருக்கு இரைப்பையில் பாதிக்கு மேல் வெட்டி எடுத்தார்களாம். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சாப்பிடலாம், இனிப்புக் கூடவே கூடாது. ஒரு மணி நேரம் படுத்தால் சரியாகிவிடும், பயமில்லை என்றான். அவர் யாருக்கும் சொல்லக் கூடாது என்று வீட்டில் சத்தியம் வாங்கியிருந்தாராம். என் மகளுக்குக்கூடத் தெரியாது.

"வேண்டாம் எண்டு சொல்லியிருக்கலாமே," என்றார் கணவர்.

அப்போதுதான் மகள் அழுதுகொண்டு சொன்னாள். "நான்தான் அவையளுக்குச் சொன்னனான், தட்டில மிச்சம் விட்டா அம்மா மனம் நோகும் எண்டு."

வேலையிடத்தில் ஒவ்வொரு நோயாளியின் தட்டோடும் ஒரு அட்டை வரும். சீனி வேண்டாம், உப்பு வேண்டாம், பாதி அளவு. அதை இரண்டு தரம் வாசிக்காமல் ஒரு தட்டையும் விடமாட்டேன். பதினேழு வருடமாகச் செய்கிற வேலை. என் வீட்டு மேசைக்கு வந்த மனிதரிடம் உங்களுக்கு எது ஒத்துக்கொள்ளும் என்ற ஒரு கேள்வி கேட்கவில்லை. மகள் சொன்னாள் என்பது உண்மை. ஆனால் கேட்காமல் இருந்தது எனக்கு வசதியாகவும் இருந்தது. கூச்சப்படுகிறவளுக்கு வாய் திறக்காமலிருக்க ஒரு சாட்டு வேண்டும்.

முகத்தில் இரத்தம் திரும்பியதும் அவர் கண்ணைத் திறந்து என்னைத் தேடினார்.

"என் அம்மா வீட்டில் தட்டைக் காலி செய்தால்தான் மேசையை விட்டு எழும்ப விடுவார்," என்றார் மெதுவாக. "இங்கே காலி செய்யச் செய்ய நிரம்புகிறது. எப்போது நிறுத்துவீர்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்."

"எங்கள் ஆட்களிடம் தட்டைக் கையால் மூட வேண்டும். உங்கள் மனைவி கண்டுபிடித்துவிட்டார்," என்றேன் என் உடைந்த டொச்சில்.

அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு கதிரையை இழுத்துச் சோபாவுக்குப் பக்கத்தில் போட்டு இருந்தேன். பிறகு கேட்டேன். எப்போது வெட்டினார்கள், எத்தனை கிலோ குறைந்தது, இரவில் நித்திரை வருகிறதா, என்ன மருந்து. கேட்கக் கூடாதது எல்லாவற்றையும் கேட்டேன். மகள் "அம்மா" என்று தொடங்கி நிறுத்திக்கொண்டாள். அவர் சொல்லத் தொடங்கினார். ஆஸ்பத்திரியில் இருந்த நாட்கள், நண்பர்களோடு சாப்பிடப் போவதை விட்டது, பழைய சட்டைகளைக் கொடுக்க மனமில்லாமல் வைத்திருப்பது. முக்கால் மணி நேரம் சொன்னார். பிறகு நான் பாத்திரம் கழுவும்போது அந்த அம்மா குசினிக்கு வந்து, ஒரு வருடமாக இதைப் பற்றி அவர் தன்னிடம்கூட இவ்வளவு பேசவில்லை என்று சொல்லி மூக்கைத் துடைத்தார். மகள் என் பக்கத்தில் வந்து நின்று பாத்திரம் துடைத்தாள். ஆறு மாதத்துக்குப் பிறகு அப்படி நின்றாள்.

அவர் பிழைத்ததும் மனம் திறந்ததும் நல்லது என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் அந்தப் பத்து நிமிடம் என்னை இன்னும் விடவில்லை. வீட்டுக்கு ஆள் வந்தால் இப்போதும் நிலைகொள்ளாமல்தான் நடக்கிறேன். ஆனாலும் கரண்டியைத் தூக்குவதற்கு முன் ஒரு கேள்வி கேட்டுவிடுகிறேன். கேட்டதால் ஒருவர் மனம் நொந்தால் மன்னிப்புக் கேட்கலாம், கேட்காமல் விட்டதற்கு யாரிடம் போய்க் கேட்பது என்று தெரியவில்லை.

அடுத்த நாள் காலை பத்து மணிக்கு அந்த அம்மா போன் எடுத்துக் கதைத்தார். இரவு அவர் நன்றாக நித்திரை கொண்டார், காலையில் பாதி உருளைக்கிழங்கு சாப்பிட்டார் என்றார். கட்டடத்தில் எல்லாருக்கும் பொதுவான மெஷினில் அன்று உடுப்புத் தோய்க்க எங்கள் வீட்டின் முறை என்பதால், நான் கூடையைத் தூக்கிக்கொண்டு அடியறைக்குப் போனேன்.