பாதிக் கட்டணம்

கிளிட்டஸுக்கு ஊர் முட்டம். கடலுக்குப் போகப் பிடிக்காமல் ஐ.டி.ஐ. படித்தவர். துபாயில் ஜெபல் அலி கிடங்குகளில் ஏசி பழுதுபார்த்துக்கொண்டிருந்தவர், பிறகு அதே ஊரில் ஓர் அமெரிக்கத் தனியார் பல்கலைக்கழகத்தின் கிளையில் வேதியியல் ஆய்வக உதவியாளரானார். அங்கே ஐந்து வருஷம் வேலை பார்த்தவரின் பிள்ளைக்குப் பாதிக் கட்டணம். பத்து வருஷம் முடித்தால் கட்டணமே இல்லை.

போன வருஷம் மகள் ஷாஜினிக்கு அங்கே இடம் கிடைத்தபோது அவருக்கு ஒன்பது வருஷம்தான் முடிந்திருந்தது.

"ஒரு வருஷம் பொறு மக்ளே. பாதிக் கட்டணத்துக்கே லோன் எடுக்கணும்."

"கூடப் படிச்சவங்கல்லாம் போயிருவாங்கப்பா."

"போட்டும். நீ அடுத்த வருஷம் ராணி மாதிரி போ."

கல்யாணம், வீடு, அம்மாவின் கண் ஆபரேஷன் என்று அவருக்கு எல்லாமே அடுத்த ஊர் லீவுக்குத் தள்ளிப்போய்த்தான் நடந்திருக்கின்றன. ஷாஜினி கராமாவில் ஒரு டைப்பிங் சென்டரில் விசா விண்ணப்பங்கள் நிரப்பப் போனாள்.

பத்து வருஷம் முடிய இரண்டு மாதம் இருக்கும்போது அமெரிக்காவிலிருந்து கடிதம் வந்தது. நன்கொடைகளை முதலீடு செய்து, அதில் வரும் வருமானத்தில்தான் இந்தக் கிளை நடந்தது. அந்த வருமானத்தின் மீதான வரியை அங்கே உயர்த்திவிட்டார்கள். கிளையில் இனிப் புதிய மாணவர்கள் கிடையாது.

பல்கலைக்கழக பஸ் ஓட்டும் கௌஸ் முகைதீனிடம் கடிதத்தைக் காட்டினார்.

"வக்ஃபு மாதிரியாண்ணே? அசலைத் தொடாம, வர்றதை வச்சுப் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறது?"

"அதேதான்."

"அதுக்குமா வரி! வரியே இல்லாத ஊருன்னு வந்தோம். நம்ம அட்ரஸ் அதுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

கிளிட்டஸ் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

வீட்டில் ஷாஜினி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். வாசலில் நின்றபடியே சொன்னார்.

"இப்பப் படிக்கிறவங்க?" என்று கேட்டாள்.

"அவங்க முடிக்கிற வரைக்கும் நடத்துவாங்களாம்."

அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். போன வருஷமே சேர்ந்திருந்தால் என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவருக்குக் கோபப்படவாவது ஒரு வழி இருந்திருக்கும்.

"இங்கேயே வேற காலேஜ் பாப்போமா?"

"முழுக் கட்டணமா? வேண்டாம்ப்பா. நாகர்கோவில்ல அத்தை வீட்ல இருந்து படிக்கேன்."

"அத்தையை விட்டா அங்க உனக்கு யாரைத் தெரியும்?"

"யாரையும் தெரியாது."

ஜூன் கடைசியில் அவளைத் திருவனந்தபுரம் விமானத்தில் ஏற்றிவிட்டார். கடைசி மாணவர்கள் வெளியேறும்வரை மூன்று வருஷத்துக்கு அவருக்கு ஒப்பந்தம் கொடுத்தார்கள். கையெழுத்துப் போட்டார்.

செப்டம்பரில் முதல் ஆய்வக வகுப்பு இரண்டாம் ஆண்டுக்காரர்களுக்கு. பதினெட்டுப் பேர். மேசை மேசையாக அமிலக் குப்பிகளை வைத்துக்கொண்டு போனார். ஜன்னலோர மேசையில் இருந்த பெண், ஷாஜினியோடு பள்ளியில் படித்தவள்.

"அங்கிள், ஷாஜினி இப்ப எங்க?"

"நாகர்கோவில்ல. பி.எஸ்சி. முதல் வருஷம்."

"ஃபர்ஸ்ட் இயரா? ஏன் அங்கிள், என்ன ஆச்சு?"

கையிலிருந்த குப்பியை மேசையில் வைத்தார்.

"அவளுக்கு ஒண்ணும் ஆகல்ல. நான்தான் நிறுத்தி வச்சேன்."