கொழுந்துக் கையும் காளான் பையும்

எல்கடுவ மலையில் தேயிலைக் கொழுந்து எடுக்கும்போது சறுக்கி விழுந்தேன். முழங்கால் போய்விட்டது. இனி மலை ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கணவர் இல்லாத வீடு. நானும் மகள் ஜெசிந்தாவும் மட்டும்தான். உயர்தர வகுப்பில் படிக்கிற பிள்ளை ஒருநாள் புத்தகத்தை மூடி வைத்தாள்.

"தோட்டத்துல பேர் பதிஞ்சி நான் கொழுந்துக்குப் போறேம்மா. நீங்க இருங்க."

நான் உடைந்துபோனேன். அவளையாவது இந்த மலை விடட்டும் என்பதுதான் என் ஒரே ஆசை.

அடுத்த செவ்வாய்க்கிழமை பஸ் மாறி மாறி வஹகோட்டை அந்தோனியார் கோயிலுக்குப் போனேன். பிள்ளை படிக்க வேண்டும், எனக்கு உட்கார்ந்து செய்ய ஒரு வேலை காட்டுங்கள் என்று கேட்டேன். அந்த ஞாயிறே பூசை முடிவில் எங்கள் பங்குச் சுவாமி அறிவித்தார், கோயில் மண்டபத்தில் பெண்களுக்குக் காளான் வளர்க்கப் பழக்குகிறார்களாம். அன்றே போய்ச் சேர்ந்துகொண்டேன்.

மூன்று நாள் பழகினோம். பழக்க வந்த மிஸ் சிங்களத்தில் சொல்ல, தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குச் சொன்னோம். மரத்தூளைப் பையில் நிரப்பி அவித்து, விதை போட்டு, நாங்கள் இருக்கிற லயத்து வீட்டுக்குப் பின்னால் சும்மா கிடந்த மாட்டுக் கொட்டிலைக் கழுவி அதில் தொங்கவிட்டேன். நாளுக்கு நாள் பைகள் இருட்டுக்குள் வெளுத்தன. வெளியே பனி மூடிய மலை, உள்ளே வெள்ளைப் பைகள், நடுவில் நான். விழித்திருக்கிறேனா, கனவா என்றே சில நேரம் தெரியாது.

ஒரு விடியற்காலை காளான் மொட்டு விட்டிருந்தது. முப்பது வருடம் கொழுந்து கிள்ளிய கை இது. முற்றவிட்டால் கங்காணி ஏசுவார் என்று பழகிய கை. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்களே, அதுதான். அந்தோனியாரைப் புகழ்ந்துகொண்டே விரியாத மொட்டுகளையெல்லாம் துப்புரவாகக் கிள்ளிக் கூடையில் போட்டுவிட்டேன். மாத்தளை டவுனில் மரக்கறிக் கடை நானா கூடையைப் பார்த்துத் தலையை ஆட்டினார். விரிந்தால்தான் ஆட்கள் வாங்குவார்கள் என்றார்.

வீட்டுக்கு வந்து அழுதேன். திங்கட்கிழமை பேர் கொடுக்கப் போவதாக ஜெசிந்தா சொல்லிவிட்டாள். மறைக்க மாட்டேன், அன்று நான் அந்தோனியாரை ஏசினேன். வழியைக் காட்டினீர், என் கையைப் பிடிக்காமல் விட்டீரே என்று ஏசினேன்.

மறுநாள் சொல்லாமல் கொள்ளாமல் மிஸ் வாசலில் வந்து நின்றார். பைகளைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தார். பைக்கு இன்னும் உயிர் இருக்கிறது, ஈரமாக வைத்திருங்கள், திரும்பவும் வரும் என்றார். ஜெசிந்தாவிடம் இரண்டு கிழமை தவணை கேட்டேன்.

மொட்டு மறுபடி வந்தது. கை துறுதுறுத்தது. இரண்டு கையையும் சேர்த்துச் செபமாலையைச் சுற்றிக்கொண்டு கொட்டிலிலேயே உட்கார்ந்தேன். செபித்தேன், தூங்கி விழுந்தேன், மறுபடி செபித்தேன். மூன்றாம் நாள் கண் திறந்தபோது கொட்டில் முழுக்க வெள்ளையாக விரிந்திருந்தது. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.

நானா முழுக் கூடையையும் எடுத்துக்கொண்டு, கிழமைக்கு இரண்டு தடவை கொண்டுவரச் சொன்னார். இன்று அந்தக் கொட்டில்தான் எங்களுக்குச் சோறு போடுகிறது. ஜெசிந்தா படிக்கிறாள்.

உங்கள் வீட்டிலும் படிப்பை விட்டுப் பேர் பதிய நிற்கிற பிள்ளை இருந்தால், கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். அந்தோனியாரிடம் கேளுங்கள். ஏசிக் கேட்டாலும் அவர் கோபிக்க மாட்டார். பிறகு என்னிடம் வாருங்கள், பை கட்டக் காட்டித் தருகிறேன்.

காலையில் பிரட்டுக்களத்தில் வேலையாட்களின் பேர் வாசிப்பது கொட்டில் வரைக்கும் கேட்கும். வாசித்து முடியும்வரை தண்ணீர் தெளிக்காமல் நிற்பேன். என் மகள் பேர் அதில் இல்லை. ஆண்டவருக்கு நன்றி.